பொதி வந்த வீட்டில் மிச்சமாகும் காசு

 

சில வருடங்களுக்கு முன் ஒரு நோன்பு மாதத்தில் எங்கள் மஹல்லாவில் உலர் உணவுப் பொதி பங்கிடும் வேலையில் நானும் ஒருவனாக இருந்தேன். அரிசி, மா, சீனி, பருப்பு, தேயிலை, பேரீச்சம்பழம் என்று ஒவ்வொன்றையும் நிறுத்துக் கட்டி வீடு வீடாகக் கொண்டு சேர்த்தோம். நோன்பு பதினைந்தைத் தாண்டிய ஒரு நாள் அஸருக்குப் பின் சந்திக் கடைக்குப் போனபோது, நாங்கள் கட்டிய பொதியொன்று பிரிக்கப்படாமலே அங்கே இருக்கக் கண்டேன். விசாரித்தபோது, நாங்கள் முதலாவதாகப் பெயரெழுதிய ஒரு விதவைச் சகோதரி அதைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனதாகக் கடைக்காரர் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. நேராக அவருடைய வீட்டு வாசலுக்குப் போய், "தர்மமாகத் தந்ததை விற்கலாமா? அல்லாஹ்வுக்குப் பயமில்லையா?" என்று கேட்டுவிட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகப் பதில் வந்தது.

"அஞ்சு இடத்தால அஞ்சு பொதி வந்திச்சி மௌலவி. அரிசி நிறைய இரிக்கி. அத ஆக்கிறதுக்கு மண்ணெண்ண வாங்கக் கையில சல்லி இல்ல. மகனுக்கு இளைப்பு, மருந்த வெளியில வாங்கச் சொல்லி ஆசுப்பத்திரியில துண்டு எழுதித் தந்தாங்க. அரிசியக் காட்டினா பாமசியில மருந்து தருவாங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தேன். பதினைந்து வருடங்களுக்கு மேலாக ஸகாத்தின் சட்டங்களை மாணவர்களுக்குப் படித்துக் கொடுத்தவன் நான். ஆனால் ஒரு பொதி வந்த வீட்டில் அதன் பின் என்ன நடக்கிறது என்பதை அன்று வரை யோசித்ததில்லை. அந்தச் சகோதரி படித்துத் தந்த பாடத்தைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பொதி வாங்கும் சகோதரிகளுக்கும் பொதி கட்டும் சகோதரிகளுக்கும் இதில் பங்குண்டு.

பொதி தருவது எதை?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டில் மாதம் 30 கிலோ அரிசி ஆக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு 10 கிலோ அரிசி உதவியாகக் கிடைக்கிறது. அந்த மாதம் அவர்கள் 40 கிலோ அரிசி உண்பார்களா? இல்லை. ஏறத்தாழ அதே 30 கிலோவைத்தான் உண்பார்கள். கடையில் 30 கிலோ வாங்குவதற்குப் பதிலாக 20 கிலோ வாங்குவார்கள். 10 கிலோவுக்குப் போகவிருந்த காசு கையில் மிஞ்சும். ஆகவே நீங்கள் கொடுத்தது பார்வைக்கு அரிசி. உண்மையில் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது காசு. அந்தக் காசு முட்டையாகலாம், பிள்ளையின் கொப்பியாகலாம், கடைக்காரரின் கடன் கொப்பியில் ஒரு வரி வெட்டப்படுவதாகவும் ஆகலாம்.

இதையே மறுபக்கமாகவும் பாருங்கள். 30 கிலோ போதுமான வீட்டுக்கு ஐந்து இடத்திலிருந்து 50 கிலோ வந்து சேர்ந்தால் என்னவாகும்? முதல் 30 கிலோ காசுக்குச் சமம். மீதி 20 கிலோ வெறும் பாரம். வண்டு விழும் முன் அதை யாருக்காவது கொடுக்க வேண்டும். அல்லது பாதி விலைக்கு விற்க வேண்டும். அந்தச் சகோதரி செய்தது இதைத்தான். அவர் தர்மத்தை அவமதிக்கவில்லை. அரிசியாக வந்ததை மருந்தாக மாற்ற அவருக்கிருந்த ஒரே வழியில் போனார். அந்த வழியில் அதன் பெறுமதியில் பாதியை இழந்தார். அந்த இழப்புக்குக் காரணம் அவரல்ல, கேட்காமல் கட்டிய நாங்கள்.

பொருளியல் அறிஞர்கள் இதை வெகு காலமாகப் பேசி வருகிறார்கள். வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்பதை எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியர் 1857இல் எடுத்துக் காட்டினார். ஏழை வீட்டில் நூறு ரூபா வந்தால் அதன் பெரும்பகுதியை வயிறு கேட்கும். உணவுச் செலவில் கை கொடுப்பது ஏழைக்குப் பெரிய உதவியாவது இதனாலேயே. எந்த வடிவத்தில் கை கொடுப்பது என்பதுதான் கேள்வி.

கொத்து அரிசியிலிருந்து அஸ்வெசும வரை

இந்தக் கேள்விக்கு நமது நாட்டைப் போல் நீண்ட அனுபவமுள்ள நாடுகள் சிலவே. உங்கள் உம்மம்மாவிடம் கூப்பன் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கதை கதையாகச் சொல்லுவார்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. 1942இல் இங்கே பங்கீட்டு முறை வந்தது. யுத்தம் முடிந்த பின்னும் அது போகவில்லை. மலிவு அரிசி ஒவ்வொரு வீட்டின் வரவு செலவிலும் ஓர் அங்கமாகிவிட்டது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு முழுவதும் ஹர்த்தால் வெடித்தது. அதே வருடம் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஒரு கொத்தில் 45 சதம் கூடியதற்கு ஓர் அரசாங்கமே ஆட்டங்கண்டது ஏன்? ஏழை வீட்டில் அந்த 45 சதம் மீனுக்கும் மண்ணெண்ணெய்க்கும் உடுப்புக்கும் உரிய காசாக இருந்தது.

1966இன் இறுதியில் வாரம் இரண்டு கொத்து விலைக்கு என்றிருந்தது, ஒரு கொத்து இலவசம் என்று மாறியது. அரிசியின் அளவு குறைந்தது. கையில் மிஞ்சும் காசு கூடியது. பின்னர் 1978இல், ஐந்து பேர் கொண்ட குடும்பமொன்றின் மாத வருமானம் 300 ரூபாவுக்கு மேற்பட்டால் பங்கீடு இல்லை என்றானது. நாட்டின் ஏறத்தாழ அரைவாசிப் பேர் அதிலிருந்து நீங்கினார்கள். 1979 செப்டெம்பரில் பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது.

இங்கேதான் ஒவ்வொரு குடும்பத் தலைவியும் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. கூப்பன் அரிசி அளவால் தரப்பட்டது. ஒரு கொத்து என்றால், சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரு கொத்துதான். முத்திரையோ ரூபாவால் தரப்பட்டது. அதன் பெறுமதி அப்படியே நிற்க, 1980இன் ஆரம்ப வருடங்களில் சாமான் விலைகள் மளமளவென்று ஏறின. முத்திரை அதே முத்திரை, ஆனால் கடைக்குக் கொண்டு போனால் முன்னர் வாங்கியதில் ஏறத்தாழப் பாதியைத்தான் வாங்க முடிந்தது. யாரும் வெட்டாமலே உதவி வெட்டுப்பட்டது. மிகவும் வறிய வீடுகளின் சாப்பாட்டு அளவு அக்காலத்தில் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

1989இல் வந்த ஜனசவிய திட்டம் இரண்டு வருடங்களுக்கு மாதம் 2,500 ரூபா என்று கணக்கிட்டு, அதில் 1,458 ரூபாவை நுகர்வுக்கும் 1,042 ரூபாவைச் சேமிப்புக்கும் என்று பிரித்தது. 1995இல் சமுர்த்தி வந்தது. அதன் முத்திரைகளோடு சங்கக் கடை வாசலில் வரிசையில் நின்ற நினைவு பலருக்கு இருக்கும். 2023 ஜூலையில் அதன் கொடுப்பனவுகளின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபா என்று வங்கிக் கணக்குக்கே காசு வரத் தொடங்கியது. 2025 ஜனவரியில் அவை 17,500 ஆகவும் 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டன.

இப்படியாக அரிசி முத்திரையாகி, முத்திரை காசாகியது. காசில் சுதந்திரம் உண்டு. மருந்து தேவைப்படும் வீடு மருந்து வாங்கும், மா தேவைப்படும் வீடு மா வாங்கும். ஆனால் விலையேற்றம் என்ற கறையான் காசைத்தான் முதலில் அரிக்கும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் ஒரு வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தன. முந்திய வருடம் நூறு ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்குக் கிட்டத்தட்ட 195 ரூபா கொடுத்தோம். அப்படிப்பட்ட காலத்தில் ரூபாவாகக் கிடைத்த உதவியை விட அரிசியாகக் கிடைத்த உதவியே கூடுதலாகத் தாக்குப் பிடிக்கும். ஆகவே காசுதான் எப்போதும் சிறந்தது என்றோ, பொதிதான் எப்போதும் சிறந்தது என்றோ சொல்ல முடியாது. காலத்தையும் வீட்டையும் பார்க்க வேண்டும்.

பெயரிட்ட காசு

காசும் உணவு முத்திரையும் வீட்டுக்குள் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்கின்றனவா என்று அமெரிக்காவில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே 1939இல் நிற முத்திரைகளாகத் தொடங்கி, 1964இல் சட்டமாகி, இன்று அட்டையாக இருக்கும் ஓர் உணவு உதவித் திட்டம் உண்டு. அந்த அட்டையால் சாராயமோ சிகரட்டோ வாங்க முடியாது.

நாம் மேலே போட்ட கணக்கின்படி அந்த உதவியும் சாதாரணக் காசும் ஒரே மாதிரிச் செலவாக வேண்டும். ஆனால் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, உதவி அட்டையில் ஒரு டொலர் கூடினால் உணவுச் செலவு 50 முதல் 60 சதம் வரை கூடுகிறது, கையில் காசாக ஒரு டொலர் கூடினாலோ அதைவிட வெகு குறைவாகவே கூடுகிறது என்று காட்டியது. காரணம் நீங்கள் அறியாததல்ல. சீட்டுக் காசை ஒரு டப்பாவிலும், பெருநாள் உடுப்புக் காசை இன்னொரு டப்பாவிலும் போட்டு வைக்கும் பெண்களுக்கு இது தெரியும். "இது சாப்பாட்டுக் காசு" என்று பெயர் வைத்துவிட்டால் மனம் அதை வேறு பக்கம் எடுக்கத் தயங்கும்.

2005இல் வெளியான இன்னோர் ஆய்வு, அந்த உதவி கிடைத்த முதல் நாட்களை விட மாதக் கடைசியில் அவ்வீடுகளில் உண்ணும் கலோரியின் அளவு 10 முதல் 15 வீதம் வரை குறைகிறது என்று கண்டது. உதவி வந்த வாரம் சட்டி நிறையும், கடைசி வாரம் சட்டி காயும். இது அமெரிக்காவில் மட்டும் நடப்பதா? நோன்பில் நிறைந்த நமது ஏழை வீடுகளின் அடுப்படி ஹஜ் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்த்தால் தெரியும்.

நமது முன்னோரின் அனுபவம்

உதவியின் சட்டதிட்டம் வீட்டின் நடத்தையையே மாற்றிவிடும் என்பதை உமர் (ரழி) அவர்களின் ஆட்சிக் காலச் சம்பவமொன்று காட்டுகிறது. பால்குடி மறந்த பிள்ளைகளுக்கே பைத்துல்மாலில் இருந்து உதவித் தொகை என்று முதலில் அவர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஓர் இரவில் குழந்தையொன்று விடாமல் அழுவதைக் கேட்டுத் தாயிடம் விசாரித்தார்கள். உதவி கிடைக்கட்டும் என்பதற்காகக் காலத்துக்கு முன்பே பால் மறக்கச் செய்வதாக, கேட்பவர் கலீபா என்பதை அறியாமல் அத்தாய் சொன்னாள். உமர் (ரழி) அவர்கள் மனமுருகிப் போனார்கள். பிறந்த குழந்தைக்கே உதவி உண்டு என்று மறுநாளே சட்டத்தை மாற்றினார்கள். அந்தத் தாயைத் தண்டிக்கவில்லை. தமது சட்டத்தைத் திருத்தினார்கள். இந்தச் சம்பவத்தை எத்தனையோ முறை பயானில் சொன்னவன்தான் நான், அன்று ஒரு விதவையின் வாசலில் நின்று சத்தம் போட்டேன்.

தானியமாகக் கொடுப்பதா, காசாகக் கொடுப்பதா என்ற கேள்வியும் நமது கிதாபுகளுக்குப் புதிதல்ல. நோன்புப் பெருநாள் பித்ராவை ஊரின் பிரதான உணவிலிருந்து ஒரு ஸாஉ அளவு கொடுக்க வேண்டும் என்பது நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபு. அதன் பெறுமதியைக் கொடுக்கலாம் என்பது ஹனபி மத்ஹபு. பெருநாளன்று எந்த வீட்டிலும் அடுப்பு எரியாமலிருக்கக் கூடாது என்பது பித்ராவின் நோக்கங்களில் ஒன்று. அந்த நாளுக்கு அரிசி பொருத்தமே.

ஆனால் ஸகாத் வேறு. காசுக்குரிய ஸகாத்தைக் காசாகவே உரியவரிடம் ஒப்படைப்பதுதான் நமது மத்ஹபின் அடிப்படை. அது ஏழையின் உரிமை. அதை அரிசியாக மாற்றலாமா என்று தீர்மானிக்க வேண்டியவர் அவரே. ஸூறத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம் ஸகாத்துக்குரிய எட்டுக் கூட்டத்தினரைக் குறிப்பிடுகிறது. கடனில் சிக்கியவர்களும் அவர்களில் அடங்குவர். சந்திக் கடையின் கடன் கொப்பியில் பெயர் ஏறிய பெண்ணுக்கு ஆறாவது அரிசிப் பொதியால் என்ன பயன்? அவளது கடனைத் தீர்க்க ஸகாத்தில் வழியிருக்கிறது. தொழில் தெரிந்தவருக்கு அத்தொழிலின் கருவிகளை வாங்குமளவு கொடுக்கலாம் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். தையல் தெரிந்த விதவைக்கு ஒரு மெஷின் கிடைத்தால், அவள் அடுத்த நோன்பில் பொதியை எதிர்பார்த்து நிற்க மாட்டாள்.

உதவி பெறும் சகோதரிக்கு

சகோதரியே, உதவி வாங்குவது வெட்கமல்ல. ஆனால் பொதி வந்த அன்றே ஒரு கணக்குப் பாருங்கள். "இந்த மாதம் கடையில் எதை வாங்காமல் விடப் போகிறேன்? அதனால் எவ்வளவு மிஞ்சும்?" என்று ஒரு துண்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் மிஞ்சிய காசு மிஞ்சியதே தெரியாமல் போய்விடும். பீடிக்கும் சிகரட்டுக்கும் கரைவதும் இந்தக் காசுதான். அந்தக் காசுக்கு உடனே பெயர் வைத்துவிடுங்கள்.

முதலில் மருந்து. அடுத்து கடன் கொப்பி. கடனுக்கு வாங்கும் வீடு விலையைப் பேச முடியாது, தரத்தைத் தெரிவு செய்யவும் முடியாது. அதற்கடுத்து கறிச் சட்டி. பொதியில் வருவது பெரும்பாலும் அரிசியும் மாவும் சீனியும்தான். வயிறு நிறையும், பிள்ளை வளராது. மிஞ்சிய காசில் முட்டை, நெத்தலி, பயறு, கீரை என்று சேருங்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் என்று கிளினிக்கில் தரும் திரிபோஷாவை வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு வைப்பது நமது வழக்கம். தாய் மனம் அப்படித்தான். ஆனால் எந்தப் பிள்ளையின் பெயரில் தந்தார்களோ அந்தப் பிள்ளைக்கு அது மருந்து போன்றது என்பதை நினைவில் வையுங்கள்.

அஸ்வெசும போன்ற காசு வந்தால் ஒரே நாளில் கடைக்குக் கொண்டு போகாமல் நான்காகப் பிரித்து வையுங்கள். கடைசி வாரத்தின் பங்கை முதலிலேயே எடுத்து ஒதுக்குங்கள்.

உதவி தரும் சகோதரிக்கு

அல்லாஹ் உங்கள் கையை மேலாக்கி வைத்திருக்கிறான். பொதி கட்டும் முன் கேளுங்கள். "என்ன தேவை?" என்ற இரண்டு சொற்களுக்குச் செலவில்லை. ஆண்கள் வாசலில் நின்று கேட்டால் வராத பதில், நீங்கள் அடுப்படியில் குந்திக் கேட்டால் வரும். ஒரே மஹல்லாவில் ஐந்து பேர் ஐந்து பட்டியல் வைத்திருப்பதை விட ஒரே பட்டியல் வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். எல்லாவற்றையும் நோன்பிலேயே கொட்டிவிடாமல் ஸதகாவில் ஒரு பகுதியைப் பாடசாலை தொடங்கும் மாதத்துக்கும் மழைக் காலத்துக்கும் ஒதுக்கி வையுங்கள். கொடுத்த பின், அது எப்படிச் செலவானது என்று ஒற்றுப் பார்க்க வேண்டாம்.

அந்தச் சகோதரியிடம் பெருநாளைக்கு முதல் நாள் என் மனைவியோடு போய் மன்னிப்புக் கேட்டேன். மருந்துத் துண்டையும் வாங்கி வந்தோம். அடுத்த வருடம் பொதிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே பொதி, அதனோடு ஓர் உறையில் காசு என்று மாற்றினோம். சந்திக் கடையில் அந்த வருடம் எங்கள் பொதி எதையும் நான் காணவில்லை.

வாங்கும் கையின் கண்ணியத்தைக் காக்கும் அறிவைக் கொடுக்கும் கைகளுக்கும், கிடைத்ததில் பரக்கத்தை வாங்கும் கைகளுக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.